புயலுக்கு மார்க் போட்ட கதை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

"தாத்தா, அஞ்சாம் நம்பர் புயல் பெருசா, பத்தாம் நம்பர் புயல் பெருசா?"

தொலைக்காட்சியில் அமெரிக்கப் புயல் செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது பேரன் கேட்டான். அங்கே 'கேட்டகரி 5' என்கிறார்கள். அதுதான் உச்சம். நம் ஊரில் 'பத்தாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது' என்கிறார்கள். அப்படியானால் நம் புயல் இரண்டு மடங்கு பெரியதா என்பது அவன் கணக்கு.

இரண்டும் வேறு வேறு எண்கள் என்று சொன்னேன். நம் துறைமுகத்தில் ஏற்றும் கூண்டு கப்பல்காரர்களுக்கான அடையாளம். புயல் தூரத்தில் இருக்கிறதா, கிட்டே வந்துவிட்டதா, துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரை கடக்கும் என்பதை அது சொல்லும். 11ஆம் எண் என்றால் வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். அமெரிக்காவின் 1 முதல் 5 வரையிலான எண்ணோ, காற்றின் வேகத்துக்குப் போடும் மார்க். புயலுக்கு மார்க் போடலாம் என்று யாருக்குத் தோன்றியது, அந்த மார்க்கை நம்பி என்னவெல்லாம் நடந்தது என்பது தனிக் கதை. அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

மார்க் இல்லாத காலம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கால்வெஸ்டன் என்று ஒரு தீவு நகரம். 1900ஆம் ஆண்டில் சுமார் 38 ஆயிரம் பேர் வாழ்ந்த பணக்காரத் துறைமுகம். ஊரின் மிக உயரமான இடமே கடல் மட்டத்திலிருந்து ஒன்பது அடிக்குள்தான். கடலுக்கும் ஊருக்கும் நடுவே ஒரு சுவர் கட்ட வேண்டும் என்று சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவ்வூர் வானிலை அலுவலகத் தலைவர் ஐசக் கிளைன் 1891லேயே செய்தித்தாளில் கட்டுரை எழுதி, கால்வெஸ்டனைப் புயல் பெரிதாகத் தாக்கும் என்பது வீண் பிரமை என்று சொல்லிவிட்டார். சுவர் கட்டப்படவில்லை.

1900 செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு புயல் கியூபாவைக் கடந்தது. ஹவானாவில் பெலன் என்ற இயேசு சபைக் கல்லூரியில் ஒரு வானிலைக் கூடம் இருந்தது. பெனிட்டோ வின்யெஸ் என்ற பாதிரியார் மேகங்களின் ஓட்டத்தைப் பார்த்தே புயலின் திசையைக் கணித்து, 1870களிலேயே எச்சரிக்கை கொடுத்த இடம் அது. அவருக்குப் பின் வந்தவர்கள், புயல் மெக்சிகோ வளைகுடாவுக்குள் போகிறது என்று சரியாகவே கணித்தார்கள். ஆனால் அப்போது கியூபா அமெரிக்க ராணுவத்தின் பிடியில் இருந்தது. கியூபாக்காரர்கள் தேவையில்லாமல் பீதி கிளப்புகிறார்கள் என்று சொல்லி, அவர்களுடைய வானிலைத் தந்திகளுக்கு அமெரிக்க அதிகாரிகள் தடை வாங்கி வைத்திருந்தார்கள். வாஷிங்டனில் இருந்தவர்களின் கணிப்போ, புயல் புளோரிடா பக்கம் திரும்பி வடக்கே போய்விடும் என்பது.

செப்டம்பர் 8, சனிக்கிழமை. கடல் 15 அடிக்கு மேல் ஏறித் தீவின் மேல் நடந்தது. இறந்தவர்கள் 6,000 முதல் 12,000 வரை என்று கணக்கிடுகிறார்கள். பெரும்பாலான நூல்கள் 8,000 என்கின்றன. அங்கிருந்த அநாதை இல்லத்தில் கன்னியாஸ்திரீகள் குழந்தைகளைத் துணி காயப்போடும் கயிற்றால் தங்கள் இடுப்போடு கட்டிக்கொண்டார்கள். 10 சகோதரிகளும் 90 குழந்தைகளும் போனார்கள். பிழைத்தவர்கள் மூன்று சிறுவர்கள். 'வீண் பிரமை' என்று எழுதிய ஐசக் கிளைனின் கர்ப்பிணி மனைவியும் அந்த வெள்ளத்தில் இறந்தார்.

அமெரிக்க வரலாற்றில் இன்றுவரை இதைவிட அதிக உயிர்களைக் குடித்த இயற்கைப் பேரிடர் வேறில்லை.

அப்பாவின் முதுகில் இருந்த பையன்

இதே டெக்சாஸ் கரையில் கார்பஸ் கிறிஸ்டி என்று இன்னொரு ஊர். 1919 செப்டம்பரில் அங்கேயும் புயல் வந்தது. ஒரு குடும்பம் வீட்டை விட்டு வெள்ளத்தில் நீந்தி ஊரின் நீதிமன்றக் கட்டடத்தை நோக்கிப் போனது. ஆறு வயதுப் பையன் ஒருவன் அப்பாவின் முதுகைக் கட்டிக்கொண்டு போனான். அந்தக் குடும்பத்தில் ஒருவர் அன்று மூழ்கி இறந்தார்.

அந்தப் பையன்தான் ராபர்ட் சிம்ப்சன். வளர்ந்து வானிலை அறிஞராகி, விமானத்தில் ஏறிப் புயலுக்குள்ளேயே பறந்து ஆராய்ந்து, அமெரிக்காவின் தேசியப் புயல் மையத்துக்கு இயக்குநரானார்.

இன்னொருவர் ஹெர்பர்ட் சாஃபிர். புளோரிடாவில் கட்டடப் பொறியாளர். புயல் வீசும் நாடுகளில் ஏழைகளுக்குக் குறைந்த செலவில் எப்படி வீடு கட்டுவது என்று ஆராய 1969இல் ஐ.நா. சபை அவரிடம் வேலை கொடுத்தது. அப்போதுதான் அவர் கவனித்தார்: நிலநடுக்கத்துக்கு ரிக்டர் அளவு இருக்கிறது. புயலுக்கு, இந்த வேகத்தில் அடித்தால் ஓடு போகும், இந்த வேகத்தில் கூரையே போகும் என்று பொதுமக்களுக்குப் புரியும்படி எந்த அளவும் இல்லை. உட்கார்ந்து ஐந்து வகுப்பாகப் பிரித்தார். சிம்ப்சன் அதோடு, புயல் தள்ளிக்கொண்டு வரும் கடல்நீர் எத்தனை அடி ஏறும் என்பதையும் சேர்த்தார். 1970களின் தொடக்கத்தில் இந்த 'சாஃபிர்–சிம்ப்சன் அளவு' மக்கள் முன் வந்தது.

மணிக்கு 119 கி.மீ. வேகத்தைத் தொட்டால் வகுப்பு 1. 154 முதல் வகுப்பு 2. 178 முதல் வகுப்பு 3. 209 முதல் வகுப்பு 4. 252ம் அதற்கு மேலும் வகுப்பு 5. ஒரு நிமிடச் சராசரி வேகத்தை வைத்துப் போடும் கணக்கு இது. நம் வானிலைத் துறை மூன்று நிமிடச் சராசரி எடுக்கிறது. 'தீவிரப் புயல்', 'அதிதீவிரப் புயல்' என்று பெயரால் வகுக்கிறது. அதனால் இரண்டையும் அப்படியே ஒப்பிட்டுப் பேசக்கூடாது.

ஒரு சின்னக் கணக்கு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் சுவரில் அது தரும் அழுத்தம் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகும். 125 கி.மீ. வேகத்தில் அசையாமல் நின்ற கதவு 250இல் நான்கு மடங்கு அடி வாங்குகிறது. 1க்கும் 5க்கும் உள்ள வித்தியாசம் நான்கு படி வித்தியாசம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மார்க் ஏமாற்றிய இடம்

1969 ஆகஸ்டில் 'கமீல்' என்ற புயல் மிசிசிப்பி கரையைத் தாக்கியது. வகுப்பு 5. கடல் ஏறக்குறைய 24 அடிக்கு மேல் ஏறியது. அந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் 'கமீலில் தண்ணீர் இதுவரைதான் வந்தது' என்று ஓர் அடையாளத்தைக் காட்டுவார்களாம். நம் ஊர்ப் பெரியவர்கள் வெள்ளத்துக்குக் காட்டுவது போலத்தான்.

36 ஆண்டுகள் கழித்து, 2005 ஆகஸ்ட் 29 அன்று 'கத்ரீனா' வந்தது. நடுக்கடலில் வகுப்பு 5ஆக இருந்தது, கரை தொடும்போது 3ஆகக் குறைந்துவிட்டது. 'கமீலையே பார்த்த வீடு இது, மூன்றாம் வகுப்பு என்ன செய்யும்?' என்று பல பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். பழைய அட்டவணைப்படி வகுப்பு 3க்குக் கடல் 9 முதல் 12 அடி ஏற வேண்டும். மிசிசிப்பியின் பாஸ் கிறிஸ்டியன் ஊரில் ஏறியது ஏறத்தாழ 28 அடி.

ஏன்? காற்று வேகம் குறைந்தாலும், அதற்கு முன் நடுக்கடலில் அது தள்ளிவிட்ட தண்ணீர் திரும்பிப் போகாது. கத்ரீனா கமீலைவிட மிகவும் அகலமானது. அந்தக் கரையோரக் கடலோ ஆழம் குறைந்தது. தள்ளப்பட்ட நீருக்குக் கீழே போக இடமில்லை, மேலேதான் ஏறியாக வேண்டும். பக்கத்தில் நியூ ஆர்லியன்ஸில் வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்து நகரில் 80 சதவீதம் மூழ்கியது. மொத்தத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கமீலை நினைத்துக்கொண்டு வீட்டில் தங்கியவர்களை, கமீல் 2005இல் இரண்டாம் முறை கொன்றது என்று அங்கே சொல்வதுண்டு.

இன்னும் இரண்டு புயல்களைப் பாருங்கள். 2004இல் 'சார்லி', வகுப்பு 4. கடல் ஏறியது ஆறேழு அடிதான். 2008இல் 'ஐக்', வகுப்பு 2. அதே கால்வெஸ்டன் பகுதியில் ஏறியது 15 முதல் 20 அடி. அதாவது இரண்டாம் வகுப்புப் பையன் நான்காம் வகுப்புப் பையனைத் தூக்கி எறிந்துவிட்டான்.

நாங்கள் பள்ளியில் விடைத்தாள் திருத்துவோம். கணக்கில் 90 வாங்கியவன் தமிழில் என்ன வாங்குவான் என்று கணக்குத் தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. புயலிலும் காற்று ஒரு பாடம், கடல்நீர் ஒரு பாடம், மழை இன்னொரு பாடம். ஒரே ஒரு பாடத்தின் மார்க்கைப் பார்த்துவிட்டு வீட்டில் உட்காருவதா, கிளம்புவதா என்று மக்கள் முடிவெடுத்தார்கள்.

இதை உணர்ந்துதான் 2010இல் அந்த அளவிலிருந்து கடல்நீர் உயரத்தை எடுத்துவிட்டு, காற்றை மட்டும் அளப்பது என்று வெளிப்படையாக்கினார்கள். 2017 முதல் கடல்நீர் ஏற்றத்துக்குத் தனி எச்சரிக்கை கொடுக்கிறார்கள். 1963 முதல் 2012 வரை அமெரிக்காவில் புயல்களால் நேரடியாக இறந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். பத்தில் ஒன்பது பேர் தண்ணீரால் இறந்தவர்கள். காற்றால் இறந்தவர்கள் மிகக் குறைவு. நாம் இத்தனை காலம் காற்றுக்குத்தான் மார்க் போட்டுக்கொண்டிருந்தோம்.

ஆறாம் வகுப்பு உண்டா?

2015இல் மெக்சிகோ பக்கம் 'பட்ரீசியா' கடலில் மணிக்கு 345 கி.மீ. வேகத்தைத் தொட்டது. 2013இல் பிலிப்பைன்ஸைத் தாக்கிய 'ஹையான்' இன்னொரு பேய்ப்புயல். கடல் சூடாகச் சூடாக இப்படிப்பட்டவை கூடுகின்றன. எனவே 309 கி.மீ.க்கு மேல் வகுப்பு 6 என்று வைக்கலாமா என்று 2024இல் இரண்டு ஆய்வாளர்கள் கேட்டார்கள். 2013 முதல் ஐந்து புயல்கள் அந்த எல்லையைத் தாண்டியிருக்கின்றன.

சிம்ப்சனின் கருத்து வேறு. ஐந்தாம் வகுப்புக் காற்றிலேயே எவ்வளவு நன்றாகக் கட்டிய கட்டடமும் உடையும், அதற்கு மேல் எண் எதற்கு என்பார் அவர். எனக்கு அது சரியாகவே படுகிறது. இந்தப் பட்ரீசியா, வேகம் குறைந்து வகுப்பு 4ஆக, ஆள் நடமாட்டம் குறைந்த கரையில் ஏறியதால் இறந்தவர்கள் மிகச் சிலரே. ஹையானில் ஆறாயிரத்துக்கு மேல். டாக்லோபான் நகரில் 'கடல் ஏறி வரும்' என்று எச்சரிக்கை கொடுத்தும், அறிவிப்பில் சொன்ன ஆங்கிலச் சொல் பல பேருக்குப் புரியவில்லை. சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். அங்கே குறைவாக இருந்தது எண் இல்லை, புரிகிற ஒரு வார்த்தை.

தப்பித்தவர்கள் என்ன செய்தார்கள்?

கால்வெஸ்டன் மக்கள் 1902இல் கடற்சுவர் கட்டத் தொடங்கினார்கள். 17 அடி உயரம். அதோடு விடவில்லை. ஊரையே உயர்த்தினார்கள்! 2,000க்கும் மேற்பட்ட கட்டடங்களைத் திருகு ஜாக்கிகள் வைத்துத் தூக்கி, அடியில் கடல் மணலைக் குழம்பாகப் பாய்ச்சி நிரப்பினார்கள். 3,000 டன் எடையுள்ள ஒரு மாதா கோயில்கூட அப்படித்தான் ஏறியது. ஆண்டுக்கணக்கில் மக்கள் பலகைப் பாதைகளில் நடந்து கடைக்கும் பள்ளிக்கும் போனார்கள். 1915இல் ஏறக்குறைய அதே பலத்தில் மீண்டும் புயல் வந்தது. நகருக்குள் இறந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கியூபாவிடம் அவ்வளவு பணமில்லை. 1963இல் 'ஃப்ளோரா' புயலில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரை இழந்த நாடு அது. அதன்பின் தெருத்தெருவாக ஆள் வைத்தார்கள். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக முதியவர் இருக்கிறார், எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார் என்று பட்டியல் வைத்துக்கொள்கிறார்கள். ஆண்டுதோறும் புயல் பருவத்துக்கு முன் நாடு முழுக்க ஒத்திகை நடக்கிறது. 2004இல் 'ஐவன்' வந்தபோது ஏறக்குறைய 20 லட்சம் பேரை இடம் மாற்றினார்கள். கியூபாவில் ஒருவரும் சாகவில்லை.

1900இல் யாருடைய தந்தியைத் தடுத்தார்களோ, அந்த நாடுதான் இது.

பேரனிடம் கடைசியில் இவ்வளவுதான் சொன்னேன். டி.வி.யில் என்ன எண் சொன்னாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. காற்று எவ்வளவு? மழை எவ்வளவு? கடல் எவ்வளவு ஏறும்? 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' ஆந்திராவில்தான் கரை கடந்தது. அமெரிக்க அட்டவணையில் அதற்கு முதல் வகுப்பு மார்க்கூடக் கிடைத்திருக்காது. ஆனால் சென்னை நாட்கணக்கில் தண்ணீரில் கிடந்தது நமக்குத் தெரியும்.

மழைக்காலத்துக்கு முன்பே செய்துவைக்க வேண்டியவை சில. உங்கள் தெரு மேடா பள்ளமா என்று தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்தில் எந்தப் பள்ளிக்கூடம் முகாம் என்று கேட்டு வையுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். மூன்று நாள் குடிதண்ணீர், டார்ச், மருந்து எடுத்து வையுங்கள். கிளம்பச் சொன்னால் பகலிலேயே கிளம்புங்கள். தெருவில் தனியாக இருக்கும் வயதானவர் யார் என்று இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

"போன தடவை இங்கே தண்ணி வரலையே" என்று மட்டும் சொல்லாதீர்கள். மிசிசிப்பியில் அதைச் சொன்னவர்கள் பலர் இன்று இல்லை.

பேரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம தெரு மேடா பள்ளமா தாத்தா?" என்றான். எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. நாளைக் காலை நடைப்பயிற்சியில் இருவரும் பார்க்கப் போகிறோம். நீங்களும் உங்கள் தெருவைப் பார்த்துவிட்டுக் கருத்தில் எழுதுங்கள்.