மருத்துவச்சியின் பெயர் என்ன?

மருத்துவ வரலாறு என்றால் நமக்குக் கட்டிடங்களையும் பட்டங்களையும் காட்டுகிறார்கள். 1835இல் சென்னையில் மருத்துவப் பள்ளி, 1844இல் பிரசவ ஆஸ்பத்திரி, 1912இல் முத்துலட்சுமி பெற்ற மருத்துவப் பட்டம். எல்லாம் மெய்தான். அந்த நாட்களில் முக்கூடல் போன்ற தாமிரபரணிக் கரை ஊர்களில் பேறுகாலம் பார்த்தது யார்?

நாவிதர் வீட்டுப் பெண்கள். நம் தெருக்களில் பல இடங்களில் புதிரை வண்ணார் பெண்கள். வயிற்றைத் தடவியே பிள்ளை குறுக்கே கிடக்குதா, தலை இறங்கிட்டுதா என்று சொன்ன கை அது. தொப்புள்கொடி அறுத்ததும் காயம் இடித்துக் கொடுத்ததும் அந்தக் கைதான். பிள்ளை பிறந்ததும் அதே கை தீட்டாகிப் போனது. வந்தது புறவாசல் வழி, கூலி அறுப்புக் களத்து நெல். ஆதிக்கச் சாதி மட்டுமா இப்படி நடத்தியது? புதிரை வண்ணாரை நம் தெரு எந்த வாசலில் நிறுத்தியது என்பதையும் கேட்கத்தான் வேண்டும்.

1914இல் மருத்துவர் பதிவுச் சட்டம் வந்தது. 1926இல் தாதியருக்கும் பதிவுச் சட்டம். பதிவேட்டில் ஏறியவர் படித்தவர், ஏறாதவர் அறியாத கிழவி என்றானது. ஜன்னி கண்டு செத்த தாய்மார் உண்டு. ஆஸ்பத்திரி வந்து உயிர்ச்சேதம் குறைந்தது. அதை நான் மறுக்கவில்லை. அறிவைத் தள்ளியதோடு ஆளையும் சேர்த்து அழித்தார்களே, அதைத்தான் கேட்கிறேன்.

எழுத்து வாய்த்தவர்கள் தப்பினார்கள். அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர்; 1907இல் பத்திரிகை தொடங்கினார், அவர் பேச்சு நின்றது. நம் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதரும் சித்த மருத்துவர்தான். 1917இல் வந்த கருணாமிர்த சாகரம் அவர் பெயரைக் காத்தது. மருத்துவச்சிக்கு ஏது நூல்? பீடித்தட்டை மடியில் வைத்து இலை சுருட்டுகிற கிழவிகளின் வாயில்தான் அவள் இருக்கிறாள்.

அவர்களிடம் போய் உட்கார்ந்தால் நான் முதலில் கேட்பது பெயர். "மருத்துவச்சின்னுதான் கூப்பிடுவோம், பேரு யாருக்குத் தெரியும்?" என்கிறார்கள். கொஞ்சம் பொறுத்தால் ஒரு பெயர் வரும். பிறகு எந்த வாசல், என்ன கூலி, யாரிடம் படித்தாள், அவள் பேத்தி இப்போ என்ன வேலை செய்கிறாள் என்று கேட்க வேண்டும். மருந்தை மட்டும் எழுதிக்கொண்டு எழுந்து வந்தால் பச்சிலைக்குப் பெயர் இருக்கும், இடித்தவளுக்கு இருக்காது.

படித்த இளைஞர்களே, உங்கள் ஆச்சி உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள்: உங்களைப் பெத்தப்போ யார் வந்தா? அவ பேரு என்ன?