ஆறு அங்குலத் துணியில் தைத்த பெயர்கள்

வரலாற்றை எழுதியவர்கள் வாளைப் பற்றி எழுதினார்கள். துப்பாக்கியைப் பற்றி எழுதினார்கள். மன்னர்கள் கைச்சாத்திட்ட உடன்படிக்கைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஊசியைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. வீட்டின் மூலையில் அமர்ந்து பெண்கள் தைப்பது வரலாறாகுமா என்ற எண்ணமே இதற்குக் காரணம். ஆனால் யுத்தங்கள் முடிந்து, ஆயுதங்கள் துருப்பிடித்து, கட்டளையிட்டவர்களும் மறைந்துபோன பின்னர், பெண்கள் தைத்த சில துணிகள் மட்டும் அன்றைய நாட்களின் சாட்சியாக எஞ்சியிருக்கின்றன. அவற்றுட் பல விற்பதற்காகவோ வீட்டுத் தேவைக்காகவோ தைக்கப்பட்டவையல்ல. முகந்தெரியாத நோயாளிக்கும் காயம்பட்டவனுக்கும் கொடுப்பதற்கென்று தைக்கப்பட்டவை.

துண்டுத் துணிகளை ஒன்றோடொன்று இணைத்து ஒட்டுத்தையற் போர்வை செய்வது பல நாடுகளில் உள்ள பழைய வழக்கம். பழைய உடுப்பு, கிழிந்த விரிப்பு, தையற்காரர் வெட்டி எறிந்த மிச்சம் என எதையும் வீணாக்காத ஏழை வீட்டின் சிக்கனத்திலிருந்து பிறந்த கலை அது. அமெரிக்காவில் இவ்வழக்கம் வீட்டுக்கு வெளியே வந்து ஒரு பொதுப்பணியாக மாறியது. 1836ஆம் ஆண்டு பொஸ்டன் நகரில் அடிமை முறையை எதிர்த்த பெண்கள் நடத்திய சந்தையில், தொட்டிற் பிள்ளைக்கான சிறிய போர்வையொன்று விற்பனைக்கு வைக்கப்பட்டது. நட்சத்திர வடிவங்கள் கொண்ட அப்போர்வையின் நடுவில் சில கவிதை வரிகள் எழுதப்பட்டிருந்தன. உன் பிள்ளையைப் போர்த்தும்போது, பிள்ளை பறிக்கப்பட்ட அடிமைத் தாயை ஒரு கணம் நினைத்துப்பார் என்பதே அவற்றின் சாரம். அப்போர்வை இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

1861இல் அமெரிக்க உள்நாட்டு யுத்தம் மூண்டபோது, வடபகுதிப் படையினரின் சுகாதாரத்தைக் கவனிக்க ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதனூடாக ஊர் ஊராகப் பெண்கள் போர்வைகளைத் தைத்து இராணுவ வைத்தியசாலைகளுக்கு அனுப்பினார்கள். நான்கு ஆண்டுகளில் இவ்வாறு சென்றவை சுமார் இரண்டரை இலட்சம் என்று மதிப்பிடுவர். இன்று கிடைப்பவையோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. பாவித்துப் பாவித்து நைந்து போயின. இறந்த சிப்பாய்களோடு புதைக்கவும் பட்டன. தர்மத்துக்கெனச் செய்த பொருள் தர்மத்திலேயே தீர்ந்துபோவது இயல்புதானே!

முதலாம் உலகப் போரின்போது இதில் ஒரு புதிய வழி சேர்ந்தது. 1917 டிசம்பரில், அமெரிக்கப் பெண்களின் தையற் சஞ்சிகையொன்று செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நிதி திரட்டுவதற்கான போர்வை மாதிரியை வெளியிட்டது. சிறு தொகையொன்றைக் கொடுப்பவரின் பெயர் அப்போர்வையில் தைக்கப்படும். இவ்வாறு பெயர்களால் நிறைந்த ஒரு போர்வையால் ஆயிரம் டொலர் வரை திரட்டலாம் என்பது கணக்கு. அமெரிக்கப் பெண்கள் நாடு முழுவதிலும் வாக்குரிமை பெற்றது 1920இல்தான் என்பதை இங்கு மனங்கொள்ள வேண்டும். வாக்காளர் இடாப்பில் இல்லாத பெயர்கள் போர்வையில் ஏறின. பொது வாழ்வில் பெண் தன் பெயரைப் பதிப்பதற்குத் தர்மம் ஒரு வாசலாக இருந்தது. தனக்காகக் கேட்டால் மறுக்கப்படுவதை, பிறருக்காகக் கேட்டபோது உலகம் மறுக்கத் தயங்கியது.

இந்த உண்மை மிகத் துலக்கமாக வெளிப்பட்ட இடம் நமக்கு அண்மையிலேயே இருக்கிறது. அது சிங்கப்பூரின் சாங்கிச் சிறை.

1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது. சில வாரங்களுக்குள் ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பின் மீதும், 9ஆம் திகதி திருகோணமலை மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. நமது மூத்த தலைமுறையினர் நினைவில் வைத்திருந்த அந்த நாட்களிலேதான், சிங்கப்பூரில் சிறைபிடிக்கப்பட்ட ஐரோப்பியப் பெண்களும் யுரேசியப் பெண்களும் தம் பிள்ளைகளோடு சாங்கிச் சிறைக்குள் அடைக்கப்பட்டிருந்தனர். சுமார் 600 கைதிகளுக்கெனக் கட்டப்பட்ட அச்சிறையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிவிலியன்கள் திணிக்கப்பட்டனர். அவர்களில் பெண்களும் பிள்ளைகளும் தொடக்கத்தில் நானூறு பேரளவில் இருந்தனர். ஆண்கள் ஒரு பகுதியில், பெண்கள் வேறொரு பகுதியில். இராணுவத்திலிருந்த கணவன்மாரோ சற்றுத் தொலைவில், படைமுகாமில் யுத்தக் கைதிகளாக இருந்தனர். கணவன் உயிரோடிருக்கிறானா என்பது மனைவிக்குத் தெரியாது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்ன நேர்ந்தது என்பது கணவனுக்குத் தெரியாது. கடிதம் எழுத அனுமதியில்லை.

அங்கிருந்த எதல் மல்வேனி என்ற கனேடியப் பெண் செஞ்சிலுவைச் சங்கப் பணியோடு தொடர்புடையவர். வைத்தியசாலையிலுள்ள காயம்பட்ட படையினருக்குப் போர்வைகள் தைத்துக் கொடுக்கலாம் என்ற யோசனை அவருடையது. விரும்பிய பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய ஆறு அங்குலச் சதுரமான வெள்ளைத் துணித் துண்டு கொடுக்கப்பட்டது. அதில் தன்னைப் பற்றிய ஏதேனும் ஒன்றைத் தைத்து, பெயரையும் இட வேண்டும் என்பதே கேட்கப்பட்டது. இவ்வாறு வந்த சதுரங்களை 66, 66 ஆக இணைத்துப் போர்வைகளாக்கினர். மூன்று போர்வைகள் இன்றும் இருக்கின்றன. ஒன்று பிரித்தானியப் படையினருக்கு, ஒன்று அவுஸ்திரேலியப் படையினருக்கு, மற்றொன்று காயமடைந்த ஜப்பானியப் படையினருக்கு. மூன்றிலுமாக 198 சதுரங்கள்.

தம்மைச் சிறையில் அடைத்தவனின் காயத்துக்கும் ஒரு போர்வை! அதன் பின்புறத்தில், ஜப்பானிய வீரர்களின் துன்பத்துக்கு அனுதாபம் தெரிவித்தும், யுத்தம் முடிந்ததும் அப்போர்வை ஜப்பானியச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் சேர்க்கப்பட வேண்டுமெனக் கேட்டும் எழுதப்பட்டுள்ளது. தண்ணீரில் நனைத்துக் கழுவாமல் உலர்முறையில் சுத்தம் செய்வது நல்லது என்ற குறிப்பும் அங்கே இருக்கிறது. பட்டினியும் நோயும் சூழ்ந்த சிறைக்குள்ளிருந்து ஒரு பெண் தான் தைத்த துணியைக் குறித்துச் சொன்ன இந்தப் புத்திமதி, அவர்கள் தம் கைவேலையை எவ்வளவு மதித்தார்கள் என்பதற்குச் சான்று.

எதிரிக்கும் ஒன்று தைத்தால்தான் மற்ற இரண்டும் சிறைவாசலைத் தாண்டும் என்ற கணக்கு அதில் இருந்ததாகச் சொல்வர். இருந்திருக்கலாம். அதனால் அக்கொடை பொய்யாகிவிடாது. அடைபட்டிருப்பவர்களின் தர்மத்தில் இரக்கமும் தந்திரமும் ஒரே நூலில்தான் ஓடும். சுதந்திரமாக இருப்பவர்களால் மட்டுமே அவ்விரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ள முடியும்.

அச்சதுரங்களில் என்னதான் தைக்கப்பட்டது? பூக்கள், பிறந்த நாட்டின் அடையாளங்கள், கப்பல், சிறைக்கூடம், நாட்டின் வரைபடம், கேலியாக ஒரு வாசகம். காவலாளி பார்த்தால் சாதாரண பூவேலை. வைத்தியசாலையில் கிடந்த கணவன் பார்த்தாலோ, மனைவியின் கையெழுத்து. அவள் உயிரோடிருக்கிறாள் என்ற செய்தி. பிறந்தது ஆண் பிள்ளை என்பதைத் தகப்பனுக்கு அறிவிக்க நீல நிறத்தைச் சேர்த்துத் தைத்தவளும் உண்டு. அனுப்ப அனுமதியில்லாத கடிதம் போர்வையாகப் போய்ச் சேர்ந்தது. ‘காயம்பட்டோருக்கு உதவி’ என்ற உறையில் வைத்தபடியால் தணிக்கையாளன் அதனைப் பிரித்துப் பார்க்கவில்லை.

அதே சிறையில் இன்னொரு போர்வையும் உருவானது. எலிசபெத் எனிஸ் என்ற பெண் சிறைக்குள் சிறுமிகளுக்காகச் சாரணியக் குழுவொன்றை நடத்தினார். எட்டு முதல் பதினாறு வயது வரையான சுமார் இருபது சிறுமிகள் அதில் இருந்தனர். தம் தலைவிக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்க அவர்கள் இரகசியமாக ஒரு போர்வை தைக்கத் தொடங்கினார்கள். நூலுக்காகப் பழைய உடுப்புகளைப் பிரித்தார்கள். துணிக்காகக் கந்தல்களைச் சேர்த்தார்கள். அறுகோணத் துண்டுகளைப் பூப்போல அடுக்கி, நடுவில் தம் பெயர்களைத் தைத்தார்கள். அது இப்போது இலண்டனிலுள்ள பேரரசுப் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெண்கள் தைத்த மூன்றில் ஜப்பானியருக்கானதும் அவுஸ்திரேலியருக்கானதும் கன்பெராவிலுள்ள அவுஸ்திரேலியப் போர் நினைவகத்திலும், மற்றது பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் உள்ளன. பேர்னீஸ் ஆர்ச்சர் போன்ற ஆய்வாளர்கள் இச்சதுரங்களை ஒவ்வொன்றாக வாசித்து, சிறையிருந்த பெண்களின் வரலாற்றை எழுதியிருக்கிறார்கள். ஆறு அங்குலத் துணி ஓர் ஆவணக்காப்பகம் செய்யும் வேலையைச் செய்தது.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் இது ஒரு நெகிழ்ச்சியான கதை மட்டுமே. ஆனால் வரலாற்றை வாசிக்கும் நாம், அங்கே இருக்கும் பெயர்களைப் பார்த்த கண்ணால் இல்லாத பெயர்களையும் பார்க்க வேண்டும்.

அப்பெண்கள் தைக்கத் தொடங்கிய அதே நாட்களில், சிங்கப்பூரின் சீன ஆண்கள் ஆயிரக்கணக்கில் தெரிந்தெடுக்கப்பட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீற்றர் புகையிரதப் பாதையின் வேலை தொடங்கி, 1943 ஒக்டோபரில் முடிந்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டு யுத்தக் கைதிகள் அதில் வேலை வாங்கப்பட்டனர். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களோடு பர்மா, மலாயா, ஜாவா முதலிய நாடுகளிலிருந்து இரண்டு இலட்சமளவில் ஆசியத் தொழிலாளர்களும் கொண்டு செல்லப்பட்டனர். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து சென்றவர்களில் பெருந்தொகையினர் தமிழர்கள். கொலராவாலும் மலேரியாவாலும் பசியாலும் இறந்த ஆசியர்களின் தொகையைத் தொண்ணூறாயிரம் வரை மதிப்பிடுவர். ‘வரை’ என்றும் ‘மதிப்பிடுவர்’ என்றும்தான் சொல்ல முடிகிறது. ஏனெனில் அவர்களை யாரும் பெயர் சொல்லி எண்ணவில்லை.

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் யுத்தக் கைதிகளின் கல்லறைகள் ஏறக்குறைய ஏழாயிரம் வரிசை வரிசையாக உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பாதையோரக் காட்டில் குழி தோண்டி மொத்தமாகப் புதைக்கப்பட்ட தோட்டத் தொழிலாளிக்கு அப்படியொரு கல் நடப்படவில்லை. அவன் மனைவியும் தோட்டத்து லயத்தில் காத்திருந்தாள். அவளுக்கும் தைக்கத் தெரிந்திருக்கும். ஆனால் அவள் கையில் வெள்ளைத் துணியைக் கொடுத்து, உன் பெயரை இதில் போடு என்று சொல்ல ஒரு செஞ்சிலுவைப் பெண் வரவில்லை. தைத்திருந்தாலும், கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வைத்தியசாலை இருந்ததில்லை. பேணி வைக்க ஓர் அருங்காட்சியகம் இருந்ததில்லை.

சாங்கிப் பெண்களைக் குறை சொல்ல இதனைக் கூறவில்லை. சிறையிலும் பட்டினியிலும் பிறர் காயத்தை நினைத்தவர்கள் அவர்கள். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. துன்பம் எல்லோருக்கும் வந்தது. அதைப் பதியும் வசதி சிலருக்கே கிடைத்தது. தர்மம் பெயருக்கு வாசல் திறந்தது உண்மை. ஆனால் அந்த வாசலுக்கு வந்து சேரவே ஒரு பாதை வேண்டியிருந்தது.

நமது பங்குக்குத் துணி செய்யாததை எழுத்துச் செய்திருக்கிறது. மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் அப்பாதையில் மடிந்த தொழிலாளர்களின் கதையைச் சொல்கின்றன. ஆவணமில்லாத மக்களுக்கு இலக்கியமே ஆவணமாகும் என்பதற்கு இவை உதாரணங்கள். ஆயினும் நாவலில் வரும் பெயர் கற்பனைப் பெயர். செத்தவனின் சொந்தப் பெயர் இன்னும் எங்கோ ஒரு குடும்பத்தின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அந்த நினைவும் தலைமுறைக்குத் தலைமுறை மங்கி வருகிறது.

பாடசாலையில் இரண்டாம் உலகப் போரைப் படிப்பிக்கும்போது ஹிட்லரின் பெயரையும் சேர்ச்சிலின் பெயரையும் பிள்ளைகள் பிழையின்றிச் சொல்வார்கள். தம் வாப்பும்மாவின் முழுப் பெயரைக் கேட்டால் பலர் விழிப்பார்கள். யுத்தமும் கடற்கோளும் இடப்பெயர்வும் கண்ட ஊர்களில் வாழும் நாம், அகதி முகாமுக்குச் சோறு சமைத்தவர்கள், உடுப்புத் தைத்தவர்கள், பாய் இழைத்துக் கொடுத்தவர்கள் எனப் பேசும்போது ‘நமது பெண்கள்’ என்று பன்மையில் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். அந்தப் பன்மைக்குள் எத்தனை பெயர்கள் மறைந்து போயின?

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியாமல் கொடுப்பதே மேலானது என்ற நெறியில் வளர்ந்த சமூகம் நாம். கொடுப்பவர் தன் பெயரை மறைப்பது அவரது பண்பு. ஆனால் வரலாறு எழுதுபவர் அதைக் காரணம் காட்டி அப்பெயரைத் தேடாமல் விடுவது பண்பாகாது. இன்னமும் நம்மிடையே வாழும் மூத்த பெண்களிடம் சென்று, என்ன செய்தீர்கள், யாருக்குச் செய்தீர்கள், உடன் இருந்தவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதிவைக்கப் பெரிய நிறுவனமோ நிதியோ தேவையில்லை. ஒரு கொப்பியும் பேனையும் போதும்.

சாங்கிச் சிறையில் அது ஆறு அங்குலத் துணியிலேயே முடிந்தது.