லெட் ஸ்லெட்

'லெட்' என்றால் ஈயம். 'ஸ்லெட்' என்றால் பனியில் சறுக்கும் வண்டி. இரண்டும் சேர்ந்து ஒருவகை அமெரிக்கக் காருக்குப் பெயராயின.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிபோர்னியாவின் கார் பிரியர்கள், தொழிற்சாலை பதித்த சின்னங்கள், பக்கவாட்டுக் குரோமியப் பட்டைகள், கதவுக் கைப்பிடிகளைக்கூடக் கழற்றினார்கள். இன்றைய பாலியெஸ்டர் பட்டி அப்போது புழக்கத்தில் இல்லை. ஈயத்தில் வெள்ளீயம் கலந்து உருக்கி, கழற்றிய இடங்களில் இருந்த துளைகளை அடைத்தார்கள். ஆறியதும் அரத்தால் அராவி வழவழப்பாக்கினார்கள். வண்டியைத் தரையோடு தாழ்த்தியதால் 'ஸ்லெட்' பொருந்தியது.

இந்த வேலைக்குத் தனிச்சொற்களும் உண்டு. பானட் சின்னத்தை நீக்குவது 'நோஸிங்'. டிக்கியில் நீக்குவது 'டெக்கிங்'. மற்றவற்றை வழித்தெடுப்பது 'ஷேவிங்'.

1949 முதல் 1951 வரை வந்த மெர்குரி கார்களே இவ்வகையில் பெரும்புகழ் பெற்றவை. ஈயத்தூள் நஞ்சு என்பதால், அத்தகைய பழைய காரைச் சுரண்டுவோர் தகுந்த முகக்கவசம் அணிந்தே தீர வேண்டும்.