தீக்குச்சிக்குக் கொடுத்த விலை



வளர்ந்த மனிதன் ஒருவனுடைய உடலில் ஏறக்குறைய 700 கிராம் பாஸ்வரம் இருக்கிறது என்று சொன்னால், உங்களுள் சிலர் வியப்படையக்கூடும். ஆங்கிலத்தில் பாஸ்பரஸ் என்று வழங்கும் பொருளே அது. அதிலே நூற்றுக்கு 85 பங்கு எலும்பிலும் பல்லிலும் சுண்ணச்சத்தோடு கூடி நின்று, அவற்றுக்கு உறுதி தருகின்றது. எஞ்சிய பங்கு உயிரணுக்கள் தோறும் பரவியுள்ளது. உண்ட உணவிலிருந்து பெறும் ஆற்றலைச் சேர்த்து வைத்து வேண்டும்போது வழங்கும் பணியும், பெற்றோரின் இயல்புகளைப் பிள்ளைகளிடம் சேர்க்கும் டி.என்.ஏ. இழையைத் தாங்கி நிற்கும் பணியும் அதனுடையவை. பாலும் மீனும் முட்டையும் பருப்பும் நமக்கு இதனை நாள்தோறும் அளிக்கின்றன.

உயிருக்கு இன்றியமையாத இந்தப் பொருள், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஏழைத் தொழிலாளர் பலருடைய தாடை எலும்பை அரித்தது. அது எவ்வாறு நேர்ந்தது, எவ்வாறு நின்றது என்னும் வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

1669-ஆம் ஆண்டில் ஜெர்மனியிலுள்ள ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்டு என்னும் இரசவாதி, பொன் செய்யும் வழியைத் தேடிக்கொண்டிருந்தார். சிறுநீரைப் பெருமளவில் காய்ச்சி வற்றவைத்து, எஞ்சியதைக் கடும் வெப்பத்தில் வாட்டினார். பொன் கிடைக்கவில்லை, இருளில் ஒளிவிடும் மெழுகு போன்ற ஒரு பொருள் கிடைத்தது. அதற்கு ஒளியைத் தாங்குவது என்னும் பொருள்படும் கிரேக்கப் பெயர் அமைந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின்னர், எலும்பிலும் அப்பொருள் உண்டு என்பதை ஸ்வீடன் நாட்டு அறிஞர்களாகிய கானும் ஷீலேயும் கண்டறிந்தனர். அதன் பின் விலங்குகளின் எலும்புச் சாம்பலிலிருந்தே பாஸ்வரத்தை மிகுதியாக எடுக்கலாயினர்.

எலும்பில் உள்ள பாஸ்வரம் பிராணவாயுவோடு கூடி, பாஸ்பேட் என்னும் உப்பாக இருக்கின்றது. அதனால் தீங்கில்லை. அதிலிருந்து பிரித்தெடுக்கப்படும் வெண்பாஸ்வரமோ, காற்றுப்பட்டாலே புகைந்து தீப்பற்றக்கூடிய கொடிய நஞ்சு.

எளிதில் தீப்பற்றும் அந்த இயல்பே தீக்குச்சி செய்வோரைக் கவர்ந்தது. 1830-ஆம் ஆண்டளவில் குச்சியின் மருந்தில் வெண்பாஸ்வரத்தைச் சேர்க்கத் தொடங்கினர். அக்குச்சியைச் சுவரிலோ, காலணியின் அடியிலோ, எங்கே உரசினாலும் தீப்பற்றியது. நெருப்புக்கல்லைத் தட்டித் தட்டித் தீ உண்டாக்கிய மக்களுக்கு இது பெரும் வரமாகத் தோன்றியது. விலையும் மலிவு. ஐரோப்பாவெங்கும் தொழிற்சாலைகள் எழுந்தன.

அத்தொழிற்சாலைகளில் பாஸ்வர ஆவியைச் சுவாசித்தவர்களுக்குச் சில ஆண்டுகளில் பல்வலி தொடங்கும். ஈறு வீங்கும். பின்னர்த் தாடையில் சீழ்பிடித்து, எலும்பு சிறிது சிறிதாக அழுகும். அழுகிய எலும்பை அறுத்தெடுப்பதன்றி வேறு வழியில்லை. தப்பியவர்கள் உருக்குலைந்த முகத்தோடு வாழ்ந்தனர், தப்பாதவர்களும் உண்டு. வியன்னா நகர மருத்துவர் லோரின்சர் 1845-ஆம் ஆண்டிலேயே இந்நோயைப் பற்றி எழுதிவிட்டார்.

மாற்று வழி இல்லாமையால் இக்கொடுமை நீடித்தது என்று நீங்கள் எண்ணக்கூடும். அவ்வாறன்று. 1840-களிலேயே அதே வியன்னாவில் ஷ்ரோட்டர் என்னும் வேதியியலறிஞர், வெண்பாஸ்வரத்தைக் காற்றுப்படாமல் சூடாக்கினால் நஞ்சற்ற செம்பாஸ்வரமாக மாறும் என்று காட்டினார். ஸ்வீடனைச் சேர்ந்த லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் செம்பாஸ்வரத்தைப் பெட்டியின் பக்கத்தில் தடவி, அங்கே உரசினால் மட்டுமே பற்றும் குச்சியைச் செய்தனர். இன்று நம் அடுப்படியில் உள்ள தீப்பெட்டி அதன் வழிவந்ததே. 1855-இல் இம்முறைக்குரிய பிரிட்டிஷ் காப்புரிமையை பிரையண்ட் அண்ட் மே என்னும் ஆங்கில நிறுவனம் விலைக்கு வாங்கியது. ஆனால் எங்கும் உரசத்தக்க நச்சுக்குச்சியே மலிவாகவும் மிகுதியாகவும் விற்றது. ஆகவே தீங்கற்ற முறையின் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டே, அந்நிறுவனம் நச்சுக்குச்சியையும் செய்துவந்தது.

கிழக்கு இலண்டனில் இருந்த அதன் தொழிற்சாலையில் பெரும்பாலும் பெண்களும் சிறுமியரும் வேலை செய்தனர். 1888-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அன்னி பெசன்ட் அம்மையார் அவர்களைக் கண்டு பேசி, குறைந்த கூலியையும், சிறு பிழைகளுக்கு விதித்த அபராதங்களையும் தம் வார இதழில் வெளியிட்டார். பிற்காலத்தில் சென்னை அடையாற்றில் வாழ்ந்து, 1917-இல் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கியவர் இவரே. கட்டுரை பொய் என்று கையொப்பமிடுமாறு நிர்வாகம் தொழிலாளரை வற்புறுத்தியது. அவர்கள் மறுத்தனர். ஒரு பெண் வேலையிலிருந்து நீக்கப்படவே, ஜூலைத் தொடக்கத்தில் ஏறத்தாழ 1,400 பேர் வெளியேறினர். இரண்டு வார அளவில் நிர்வாகம் இணங்கியது. அபராதங்கள் நீங்கின, நஞ்சு படிந்த பணியிடத்திலேயே உண்ணும் நிலை மாற, உணவுக்குத் தனி இடமும் ஒப்புக்கொள்ளப்பட்டது.

எனினும் நஞ்சு நீங்கவில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நோயுற்றோரைப் பற்றி அரசுக்கு அறிவிக்கத் தவறியமைக்காக 1898-இல் அந்நிறுவனம் தண்டம் செலுத்த நேர்ந்தது. 1901-இல்தான் வெண்பாஸ்வரத்தைக் கைவிட்டது. 1906-இல் ஸ்விட்ஸர்லாந்தின் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி, வெண்பாஸ்வரத் தீக்குச்சியைத் தடைசெய்ய உடன்படிக்கை செய்தன. பிரிட்டன் 1908-இல் சட்டம் இயற்றியது. அது 1910-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 1913-இல் தடைச்சட்டம் பிறந்தது.

தீங்கற்ற குச்சி அறியப்பட்ட 1855-க்கும், பிரிட்டனில் நச்சுக்குச்சி மறைந்த 1910-க்கும் இடையே 55 ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. அவ்வளவு காலமும் குறைவாயிருந்தது அறிவியல் அறிவன்று. ஒரு பெட்டிக்குச் சிறிது கூடுதல் விலை கொடுக்க வாங்குவோரும் விரும்பவில்லை. இலாபத்தைக் குறைத்துக்கொள்ள விற்போரும் விரும்பவில்லை. உழைப்பவர் துணிந்து பேசிய பின்னரும், உலக நாடுகள் சட்டத்தால் கட்டுப்பட்ட பின்னரே நிலை மாறியது.

சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தது 1920-களில். தடைச்சட்டம் முன்பே வந்துவிட்டமையால், நம் நாட்டு இத்தொழில் தாடைநோய் இன்றியே வளர்ந்தது. முகம் அறியாத இலண்டன் பெண்களின் துன்பத்திலிருந்து நமக்குக் கிடைத்த பயன் அது. ஆயினும் இங்கே சிறுவர் உழைப்பு என்னும் வேறொரு குறை புகுந்தது. அதற்கும் 1986-ஆம் ஆண்டுச் சட்டமும், 1996-இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பும் தேவைப்பட்டன.

வேதியியல் பயிலும் மாணவர்கள் வெண்பாஸ்வரத்துக்கும் செம்பாஸ்வரத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறீர்கள். அந்த வேறுபாட்டை உலகம் ஏற்றுக்கொள்ள எத்தனை பேருடைய எலும்பு விலையாயிற்று என்பதையும் அதனோடு சேர்த்து நினைவில் கொள்ளுங்கள். மலிவான பொருள் எதையேனும் வாங்கும்போது, அதன் மீதி விலையை வேறு எவரேனும் கொடுக்கிறார்களா என்று கேட்கும் பழக்கம் அப்போது உங்களுக்கு வரும்.