கார் துடைக்கிற மைக்ரோஃபைபர் துணி... துவைக்கிறதுலதான் இருக்கு சூட்சுமம்!

புதுச்சேரி கடற்கரைப் பக்கம் ஒரு ராத்திரி காரை நிறுத்தினாலே, காலையில கண்ணாடியெல்லாம் உப்புப் படலம். உடனே மைக்ரோஃபைபர் துணியால துடைக்காதீங்க. முதல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்க. இல்லைன்னா, மணல் உரசி பெயின்ட்ல கீறல் விழும்.

இந்தத் துணி பாலியஸ்டரும் நைலான் வகை இழையும் கலந்தது. முடியைவிட மெல்லிய இழைகள்தான் தூசியைப் பிடிச்சுக்குது. அதைக் காப்பாத்த இதைச் செய்யுங்க:

* பருத்தித் துணியோட சேர்த்துப் போடாதீங்க. பஞ்சு ஒட்டிக்கும்.

* ஃபேப்ரிக் கண்டிஷனர், பிளீச் வேண்டாம். கண்டிஷனர் இழை மேல படிஞ்சா தண்ணியை உறிஞ்சாது. கொஞ்சமா லிக்விட் டிடர்ஜென்ட் போதும்.

* வெதுவெதுப்பான தண்ணி ஓகே. கொதிக்கிற தண்ணியும் இஸ்திரியும் கூடாது. சூட்டுல இழை உருகிக் கெட்டியாகிடும்.

* போர்வெல் தண்ணி உப்பா இருந்தா, கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணி.

* பாலிஷ் பேடை கையால மெதுவா அலசி, முறுக்காம அழுத்திப் பிழிங்க. வெல்க்ரோ பக்கம் மேலே இருக்கிற மாதிரி நிழல்ல உலர்த்துங்க.

* சக்கரத்துக்கு ஒரு நிறம், பாடிக்கு ஒரு நிறம், கண்ணாடிக்கு ஒரு நிறம்னு பிரிச்சு, மூடி போட்ட டப்பாவுல வைங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில நல்லா காயாம மூடினா பூஞ்சை வாடை வந்துடும்.

தரையில விழுந்த துணியா? துவைக்காம பாடியில வைக்கவே வைக்காதீங்க. துவைச்சும் சொரசொரன்னு இருந்தா சக்கரத்துக்கு ஒதுக்கிடுங்க. புதுத் துணி வாங்குற செலவு, ரீ-பெயின்ட் செலவுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை!