திருத்தும் வசதி வந்த கதை

செயற்கை நுண்ணறிவு முகவர்கள் சமூக ஊடகப் பதிவுகளைத் திருத்த உதவும் கருவிக்கு நான் ஆவணம் எழுதுகிறேன். பழைய கதை தெரியாமல் அந்தக் கருவி புரியாது. 2006இல் தொடங்கிய ட்விட்டரில் ஓர் எழுத்து பிசகினாலும் அழித்துவிட்டு மறுபடி போடுவதுதான் அன்று வழியாக இருந்தது. வாங்கிய விருப்பக்குறிகள் அத்தனையும் போய்விடும். ஃபேஸ்புக் 2013இல் பதிவைத் திருத்த விட்டது. ட்விட்டர் 2022 அக்டோபரில்தான் இறங்கி வந்தது, அதுவும் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும், 30 நிமிடத்துக்குள்.

உள்ளே நடந்தது இன்னும் முக்கியம். ட்விட்டரில் ஒவ்வொரு திருத்தமும் புதிய அடையாள எண் கொண்ட புதுப் பதிவு. பழையதும் வரலாற்றில் இருக்கும். அதே ஆண்டு மார்ச்சில் வந்த மாஸ்டடான் என்ற இன்னொரு சமூக ஊடக மென்பொருளின் 3.5 பதிப்போ எண்ணை மாற்றாமலே திருத்தியது. அதனால்தான், திருத்தியபின் திரும்பி வரும் எண்ணையே பயன்படுத்து என்று முகவருக்குத் தடித்த எழுத்தில் எழுதிவைக்கிறேன்.