இணைய விளையாட்டுச் சேவைகள்: கணினியும் கன்சோலும்

கணினியிலும் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற கன்சோல்களிலும் விளையாட்டுகளை வாங்கி இறக்கிக்கொள்ளவும், வெளியூரில் இருப்பவர்களோடு சேர்ந்து ஆடவும் உதவும் கணக்குமுறைகள் இணைய விளையாட்டுச் சேவைகள் எனப்படுகின்றன. கணினியில் ஸ்டீமும், கன்சோலில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கும் எக்ஸ்பாக்ஸ் சேவையும் பெரியவை. இவற்றை ஒப்பிடுவோர் பெரும்பாலும் படத்தின் தரத்திலிருந்து தொடங்குவார்கள். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையிலுள்ள அனுமந்தன்பட்டி போன்ற ஒரு பேரூராட்சியிலிருந்து பார்த்தால், முதலில் கேட்க வேண்டியவை சந்தாவும் தொலைவும் மின்சாரமும்தான்.

எக்ஸ்பாக்ஸ் லைவ் 2002 நவம்பரில் அமெரிக்காவில் கட்டணச் சேவையாகத் தொடங்கியது. ஸ்டீம் 2003 செப்டம்பரிலும், பிளேஸ்டேஷன் நெட்வொர்க் 2006 நவம்பரிலும் வந்தன. தமிழ்நாட்டின் சிற்றூர்களுக்கு இவை நேராக வந்துசேரவில்லை. முதலில் வந்தவை பிரவுசிங் சென்டர்கள். அங்கே நான்கைந்து கணினிகளை ஒயரால் இணைத்துக் கவுண்டர் ஸ்டிரைக் ஆடினார்கள்; அதற்கு இணையமே தேவைப்படவில்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி மாணவர் பலருக்கு முதல் சொந்தக் கணினியைத் தந்தது. கனமான விளையாட்டுகளை அது தாங்காது. ஆனாலும் கிராமத்து வீட்டில் கணினி முந்திக்கொண்டதற்கு அத்திட்டம் ஒரு முக்கியக் காரணம். 2015 நவம்பரில் ஸ்டீம் ரூபாயில் விலை காட்டத் தொடங்கியதும் அந்த வழி இன்னும் அகலமானது.

கட்டணத்தில்தான் கணினியும் கன்சோலும் அடியோடு வேறுபடுகின்றன. ஸ்டீமில் விளையாட்டை வாங்கிவிட்டால், பலரோடு சேர்ந்து ஆடுவதற்கு ஸ்டீம் தனியாகப் பணம் கேட்பதில்லை. பிளேஸ்டேஷன் 3 காலத்தில் அதன் தயாரிப்பாளரான சோனியும் கேட்கவில்லை. 2013இல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது அது மாறி, பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கட்டாயமானது. 2022 ஜூனில் அச்சந்தாவின் அடிப்படை நிலைக்கு இந்தியாவில் மாதம் 499 ரூபாய், ஆண்டுக்கு 2,999 ரூபாய். பின்னர் ஆண்டுச் சந்தா ஏறியது. பழைய விலையிலேயே கணக்கிட்டாலும் ஐந்து ஆண்டுகளுக்கு 14,995 ரூபாய் ஆகிறது. ஃபோர்ட்நைட் போன்ற இலவச விளையாட்டுகளுக்கு இந்தச் சந்தா வேண்டியதில்லை. எக்ஸ்பாக்ஸும் 2021 ஏப்ரலில் அத்தகைய விளையாட்டுகளுக்கு விலக்கு அளித்தது. இதை அறியாமல் வீணாகச் சந்தா கட்டிவிடக் கூடாது.

கன்சோலுக்கும் நியாயம் உண்டு. 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 49,990 ரூபாய்க்கு வந்தது. அதற்கு ஈடான படம் காட்டும் கணினியைச் சேர்க்க அதைவிடக் கூடுதலாகச் செலவாகும். டிஸ்க்கில் வாங்கிய விளையாட்டை ஆடி முடித்ததும் விற்கலாம், நண்பரோடு மாற்றிக்கொள்ளலாம். ஸ்டீமில் வாங்கியதை அப்படி விற்க முடியாது. மூடிய கருவி என்பதால் ஏமாற்று மென்பொருளின் தொல்லையும் கன்சோலில் குறைவு. அதற்காகக் கணக்கு முழுப் பாதுகாப்பானது என்று நினைத்துவிடக் கூடாது: 2011 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் ஊடுருவல் நடந்து, சுமார் 7.7 கோடிக் கணக்குகளின் விவரங்கள் ஆபத்துக்குள்ளாயின.

அடுத்தது, விளையாட்டின் சர்வர் இருக்கும் இடத்துக்கான தொலைவு. ஃபைபரில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். அனுமந்தன்பட்டியிலிருந்து நேர்க்கோட்டில் சென்னை சுமார் 500 கிலோமீட்டர். போய்த் திரும்ப 5 மில்லிவினாடி போதும். மும்பைக்குச் சுமார் 12, சிங்கப்பூருக்குச் சுமார் 30. கேபிள் சுற்றி வருவதாலும் இடையிலுள்ள கருவிகளாலும் உண்மையான பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரம்) இதைவிடக் கூடும். கவுண்டர் ஸ்டிரைக்குக்குச் சென்னையிலும் மும்பையிலும், வேலோரண்ட் விளையாட்டுக்கு மும்பையிலும் சர்வர்கள் உள்ளன. கவுண்டர் ஸ்டிரைக்கில் எவ்வளவு பிங் வரை ஏற்கலாம் என்பதை ஆடுபவரே குறித்துவைக்கலாம். ஒரு விளையாட்டின் சர்வர் வெளிநாட்டில்தான் இருக்கிறது என்றால், எவ்வளவு விலை கொடுத்துக் கருவி வாங்கினாலும் லேக் தீராது.

இறக்குவதும் சிறிய வேலையல்ல. 100 ஜிபி விளையாட்டு 50 எம்பிபிஎஸ் ஃபைபரில் இறங்க நாலரை மணி நேரம் ஆகும். நாளுக்கு 2 ஜிபி தரும் கைபேசி டேட்டாவில் 50 நாள் ஆகும். நடுவே மின்சாரம் போனால் கன்சோல் உடனே அணைந்துவிடும். மடிக்கணினி பேட்டரியில் தாக்குப்பிடிக்கும். ரௌட்டருக்கும் இன்வெர்ட்டர் இணைப்பு கொடுத்திருந்தால் ஆட்டம் அறுபடாது.

ஆன்லைன் விளையாட்டு என்றாலே ரம்மி என்று அஞ்சும் பெற்றோர் நம் பக்கம் பலர் உண்டு. அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் இங்கே பேசும் விளையாட்டுகள் வேறு. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்யவும், 2025ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடுவதைத் தடுக்கவும் வந்தவை. மின்விளையாட்டை (இ-ஸ்போர்ட்ஸ்) மத்தியச் சட்டம் தனியாக அங்கீகரிக்கிறது.

வீட்டில் படிப்புக்கோ வேலைக்கோ கணினி எப்படியும் வாங்கப்போகிறோம் என்றால், அதிலேயே கொஞ்சம் கூட்டிப் போட்டு ஸ்டீமில் ஆடுவதே கம்பம் பள்ளத்தாக்குக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும். கன்சோல் ஏற்கெனவே இருந்தால், ஆண்டுச் சந்தா வேண்டாம். பிள்ளைகளுக்கு மே மாத விடுமுறை வரும்போது ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள்.